சோலார் கம்பெனிக்கு நிலம்: கிரயமா, குத்தகையா? கமுதி, பாவகடா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 9 ஏக்கர் கரிசல் இருக்கிறது. அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் கூட்டுப்பட்டா. ஒரு காலத்தில் மிளகாய், பருத்தி, ஊடே கொத்தமல்லி என்று வெள்ளாமை நடந்தது. இப்போது பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. சில வருடத்துக்கு ஒருமுறை கரிமூட்டம் போட்டு மரக்கரி சுடுகிறவர்களுக்கு வெட்டக் கொடுப்பதில் வருவதுதான் வருமானம்.

கொஞ்ச நாளாக ஒரு தரகர் வீட்டுக்கு வந்து போகிறார். சோலார் கம்பெனி என்கிறார், பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். கிரயம் என்றால் ஏக்கருக்கு 5 லட்சம். குத்தகை என்றால் ஏக்கருக்கு வருடம் 30,000, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்றம், மொத்தம் 29 வருடம். அப்பாவுக்கு விற்க மனசில்லை. சித்தப்பாவுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், அவருக்கு ரொக்கம் வேண்டும்.

கமுதியில் சோலார் நிலையத்துக்கு நிலத்தை விற்றார்கள், கர்நாடகத்தில் பாவகடாவில் குத்தகைக்கு விட்டார்கள் என்று தெரியும். இரண்டு இடத்திலும் நிலத்துக்காரர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள்? செய்தித்தாள் கதை வேண்டாம். நேரில் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

வெயிலோன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 5 லட்சத்தை வாங்கி 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடம் 35,000. குத்தகை 30,000. வில்லங்கம் இல்லாமல் கைநிறையப் பணம். கருவேலங்காட்டுக்கு 5 லட்சம் கொடுக்க இன்னொரு தடவை ஆள் வருவான் என்று நினைக்காதீர்கள்.

பேரேடு:
வெயிலோன் கணக்கு முதல் வருடத்துக்குச் சரி. அதற்கப்புறம் வட்டி 35,000-லேயே நிற்கும், குத்தகை ஏறும். அவர்கள் சொல்லும் ஏற்றத்தின்படி ஒன்பதாம் வருடம் குத்தகை 36,465 ஆகி வட்டியைத் தாண்டிவிடும். 29 வருடம் கழித்து 5 லட்சம் அதே 5 லட்சமாகத்தான் இருக்கும், நிலம் நிலமாகத் திரும்பி வரும். ரொக்கம் வங்கியில் அப்படியே கிடக்கும் என்பதும் கற்பனைதான். கல்யாண வீட்டுக்கு வந்த கிரயப் பணம் எத்தனை நாள் தங்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் குத்தகை ஆதரவாளர்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 5 சதவீதம் என்பது வருடத்துக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை. பாவகடாவிலும் இதே வாய்ப்பாடுதான். அங்கே தொடக்கக் குத்தகை ஏக்கருக்கு 21,000. இந்த ஏற்றத்தில் 24 வருடம் கழித்து அது சுமார் 37,700 ஆகும். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுவதாக வைத்தால், அன்றைய 21,000-க்குச் சமமான தொகை அப்போது 67,700. அதாவது கடைசி வருடங்களில் குத்தகையின் வாங்கும் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். தரகர் சொல்கிற ஏற்றம் உங்களுக்காகக் கணக்குப் போட்டது அல்ல, பாவகடா ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியது. அதை வருடா வருடம் 5 சதவீதம் என்று மாற்றக் கேளுங்கள். மறுத்தால் 4-ல் நில்லுங்கள்.

29 வருடம் என்பதும் தற்செயல் இல்லை. 30 வருடத்தைத் தொட்டால் நம் ஊரில் குத்தகைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை விகிதம் ஏறும்.

துமகூரு வாசி:
நான் பாவகடா பூங்காவில் ஒரு ஒப்பந்ததாரரிடம் பராமரிப்பு வேலை பார்த்தவன். இப்போது துமகூருவில் வேறு வேலை. தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாவகடா தாலுகா பெயருக்குத்தான் கர்நாடகம். ஏறக்குறையச் சுற்றிலும் ஆந்திரா, ஊருக்குள் பேச்சும் தெலுங்குதான் அதிகம். நிலக்கடலை பூமி. மழை பொய்த்துப் பொய்த்து, போர் போட்டால் தண்ணீர் இல்லை, இருந்தாலும் புளோரைடு. இளவட்டங்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். நம் ராமநாதபுரத்துக்காரர் யாரும் அங்கே போய் நின்றால் சொந்த ஊர் மாதிரிதான் இருக்கும், மண் மட்டும் சிவப்பு.

2015-ல் சூரியப் பூங்கா அமைக்க கேஎஸ்பிடிசிஎல் என்று ஒரு அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மாநிலத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனமான கிரெடலும் மத்திய அரசின் சூரிய மின் கழகமான செசியும் சேர்ந்தது. டி.கே. சிவகுமார் அப்போது மின்சார அமைச்சர். நிலத்தைக் கையகப்படுத்தப் போனால் வழக்கில் மாட்டும் என்று தெரிந்து, விலைக்கும் வாங்காமல் குத்தகைக்குக் கேட்டார்கள். திருமணி, வள்ளூர், பாலசமுத்ரா, ராயசர்லு, க்யாதகானசர்லு என்று ஐந்து ஊர்களில் 13,000 ஏக்கர், சுமார் 2,300 விவசாயிகள். 2018 மார்ச்சில் சித்தராமையா முதல் கட்டம் 600 மெகாவாட்டைத் தொடங்கி வைத்தார். 2019 முடிவதற்குள் 2,050 மெகாவாட் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. விவசாயி கையெழுத்துப் போட்டது அரசு நிறுவனத்திடம். அந்த நிறுவனம்தான் சாலை, வடிகால், துணைமின் நிலையம் எல்லாம் போட்டு, நிலத்தைத் துண்டு துண்டாக்கித் தனியார் கம்பெனிகளுக்கு உள்குத்தகை விட்டது. கம்பெனி கைமாறினாலும் நொடித்தாலும் விவசாயிக்குக் குத்தகை கொடுக்க வேண்டியது அரசு நிறுவனத்தின் பொறுப்பு. சாஃப்ட்பேங்க் குழுமத்தின் எஸ்பி எனர்ஜி இந்தியா 2021-ல் அப்படியே அதானி கிரீன் கைக்குப் போனது. இந்தத் தொழிலில் அது அன்றாடம் நடப்பது. நடுவில் அரசு நிறுவனம் இருக்கிற இடத்தில் நிலத்துக்காரருக்கு அதனால் தூக்கம் கெடாது. கரிசல்காட்டான், உங்கள் தரகர் கொண்டு வருவதில் அப்படி நடுவில் யாருமில்லை. பாவகடாவில் குத்தகை நன்றாக நடக்கிறது, அதனால் முதுகுளத்தூரிலும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். 20, 30 ஏக்கர் வைத்திருந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள். மாடி வீடு, வண்டி, பிள்ளைகளுக்கு பெங்களூரில் படிப்பு. 2 ஏக்கர்க்காரருக்கு வருடம் 42,000 கிடைத்தது, மாதத்துக்கு 3,500. அவர் முன்னாலும் 2 ஏக்கரை மட்டும் நம்பிப் பிழைத்தவர் இல்லை. பக்கத்துக் காட்டில் கூலிக்குக் கடலை பிடுங்கப் போவார், நாலு ஆடு வைத்திருப்பார். அந்தக் காடு, மேய்ச்சல் இரண்டும் வேலிக்குள் போய்விட்டன. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்த வீடுகளில் அண்ணன் தம்பிச் சண்டை தீரும்வரை பணம் வரவில்லை. பட்டா இல்லாமல் புறம்போக்கில் தலைமுறையாக உழுதவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

மின்வாரியப் பெருசு:
தம்பி துமகூரு நன்றாகச் சொன்னார். கமுதியைப் பற்றி நான் சொல்கிறேன். பணியில் இருந்த காலத்தில் அந்த வட்டாரத்தில் இருந்தேன், இப்போது ஓய்வு.

648 மெகாவாட், 2,500 ஏக்கர், 4,550 கோடி ரூபாய். 2016 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது அது என்று சொன்னார்கள். எட்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். சுமார் 8,500 பேர் வேலை பார்த்தார்கள், 25 லட்சம் தகடுகள். தகட்டைத் துடைக்க இயந்திர மனிதன்கூட வந்தது. டீக்கடை, சாப்பாட்டுக்கடை, டிராக்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த எட்டு மாதம் நன்றாகச் சம்பாதித்தார்கள். ஒன்பதாம் மாதம் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஏன் அவ்வளவு அவசரம்? யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை 2016 மார்ச்சுக்குள் மின்சாரம் கொடுத்தவர்களுக்குத்தான். தேதி தாண்டினால் 5 ரூபாய் 10 காசு. அந்த அவசரத்தில் ஒவ்வொரு பட்டாதாரரிடமும் குத்தகை பேசி, வாரிசுச் சிக்கல் தீர்த்து, பத்திரம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கிரயம் என்றால் கொடுப்பார்கள், வாங்குவார்கள், முடிந்தது. நிலத்தை விற்றவர்கள் அன்றைய விலையைக் கையில் வாங்கினார்கள். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் விலை ஏறியதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களை எனக்குத் தெரியும். அதே பணத்தில் மதுரையில் மனை வாங்கிப் பிழைத்துக்கொண்டவர்களையும் தெரியும். இடையில் சில தரகர்களும் கைமாற்றிச் சம்பாதித்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை.

வெயிலோன்:
பெருசு ஐயா, 7 ரூபாய் 1 காசா! கொஞ்சம் கணக்குப் போடுவோம். 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் என்றால் மெகாவாட்டுக்கு நாலு ஏக்கருக்கும் குறைவு. ஒரு மெகாவாட் வருடத்துக்கு 16 லட்சம் யூனிட் கொடுத்தால் ஏக்கருக்கு நாலு லட்சம் யூனிட். 7 ரூபாயால் பெருக்கினால் ஏக்கருக்கு வருடம் 29 லட்சம்! நமக்கு 30,000! இது பகல் கொள்ளை. குத்தகையும் வேண்டாம், கிரயமும் வேண்டாம். வருமானத்தில் பங்கு கேளுங்கள் கரிசல்காட்டான். பத்து சதவீதம்.

மின்வாரியப் பெருசு:
பெருக்கலில் தவறில்லை. ஆனால் 4,550 கோடியை அதே 2,500 ஏக்கரால் வகுத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 1 கோடியே 82 லட்சம் மேலே கொட்டியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கடன். 29 லட்சத்தில் வட்டியும் அசலும்தான் முதலில் போகும். அதுவும் 7 ரூபாய் காலம் முடிந்துபோன காலம். பாவகடாவிலேயே பாருங்கள். ஃபின்லாந்தின் ஃபோர்டம் கம்பெனி முதலில் எடுத்த 100 மெகாவாட்டுக்கு விலை 4 ரூபாய் 79 காசு, 2018-ல் எடுத்த 250 மெகாவாட்டுக்கு 2 ரூபாய் 85 காசு. குஜராத்தில் 2020 டிசம்பரில் 1 ரூபாய் 99 காசுக்கே ஏலம் போனது. பாவகடாவில் மெகாவாட்டுக்குப் பொதுவசதி நிலத்தையும் சேர்த்து ஆறு ஏக்கருக்கு மேல். 2.85 விலையில் ஏக்கருக்கு வரவு ஏழு லட்சத்துச் சொச்சம் வரும். அதில் 21,000 என்பது மூன்று சதவீதம். குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. இரட்டிப்பாகக் கேட்டால்கூடத் தாங்குவார்கள். பத்து சதவீதம் என்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

வருமானப் பங்கில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மதியம் வெயில் உச்சத்தில் இருக்கும்போது தேவை குறைவாக இருந்தால், உற்பத்தியைக் குறை என்று மின்பாதை மேலாண்மை மையத்திலிருந்து போன் வரும். சூரிய மின்சாரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது, நடைமுறை வேறு. தமிழகத்தில் அப்படிக் குறைக்கச் சொன்னது பற்றிய வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கிரிட் (மின்தொகுப்பு) பாதுகாப்பு அல்லாத காரணத்துக்காகக் குறைத்ததற்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கம்பெனிகள் சங்கம் வைத்து, வக்கீல் வைத்து வருடக்கணக்கில் போராடி வாங்கிய தீர்ப்பு அது. பங்குக்காரராகச் சேர்ந்தால் அந்த நஷ்டத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. எத்தனை யூனிட் ஓடியது என்று நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்? மீட்டர் வேலிக்கு உள்ளே இருக்கிறது. நிலையான வாடகையே நிலத்துக்காரருக்கு நல்லது.

அன்னக்கிளி:
இவ்வளவு நேரமும் ஏக்கர் ஏக்கராகவே பேசிக்கொண்டிருக்கிறோம். ஏக்கர் இல்லாதவர்களைப் பற்றி துமகூரு அண்ணன் மட்டும் இரண்டு வரி சொன்னார்.

என் அம்மா விளாத்திகுளம் பக்கம் மிளகாய் பறிக்கப் போனவர். பிறகு கருவேலம் வெட்டுகிற குழுவில் இருந்தார். எங்களுக்கு ஒரு செண்ட் நிலம் கிடையாது. கருவேலங்காடு என்று இந்த இழையில் எல்லோரும் இளக்காரமாகச் சொல்கிறீர்கள். கரிமூட்டம்தான் அந்தப் பக்கம் கோடையில் அடுப்பெரிய வைத்த தொழில். வெட்டுவது, அடுக்குவது, மண் மெழுகுவது, கரி பொறுக்குவது என்று ஒரு மூட்டத்தில் ஆணும் பெண்ணுமாக எத்தனை பேருக்கு வேலை. எங்கள் ஊரை ஒட்டி ஒரு சோலார் நிலையம் வந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். விற்றவர்களுக்குப் பணம் கிடைத்தது. வெட்டியவர்களிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடு வைத்திருந்தவர்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு மூன்று மைல் ஓட்டிப் போகிறார்கள். வேலை தருகிறோம் என்று சொன்னதில் அம்மாவுக்குக் கிடைத்தது புல் வெட்டும் வேலை. அதுவும் மழை பெய்து புல் முளைத்தால்தான்.

கிரயமோ குத்தகையோ, இரண்டிலும் எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் மாறாது.

வெயிலோன்:
தங்கச்சி, வருத்தம் புரிகிறது. ஆனால் கரிசல்காட்டான் கேட்டது தன் 9 ஏக்கரைப் பற்றி. ஊரில் எல்லோருக்கும் வேலை கொடுப்பது அவர் பொறுப்பா? அரசாங்கம் செய்ய வேண்டியதை நிலத்துக்காரர் தலையில் கட்டக் கூடாது. கருவேலத்தை வேரோடு அழிக்கச் சொல்லி நீதிமன்றமே சொன்னது.

அன்னக்கிளி:
அவர் தலையில் யார் கட்டினார்கள்? அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கம்பெனிக்கு அவர் வேண்டும், போட்ட பிறகு வேண்டாம். பேசுகிற பலம் அந்தக் கொஞ்ச நாள்தான் இருக்கும். அப்போது பக்கத்துப் பட்டாதாரர்களும் சேர்ந்து, தகடு கழுவுவது, புல் வெட்டுவது, காவல் எல்லாம் இந்த ஊர் ஆட்களுக்கே, ஆண்டு முழுக்க, எழுத்தில் என்று கேட்கலாமே. காசு பணம் செலவில்லாத கோரிக்கை. கேட்காமல் விட்டதால்தான் எங்கள் ஊரில் காவலாளிகூட வெளியூர் ஏஜென்சி ஆள்.

துமகூரு வாசி:
அன்னக்கிளி சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும் கோரிக்கைதான். வேலை எண்ணிக்கையைப் பற்றி மட்டும் ஆசை காட்டக் கூடாது. கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு 50 மெகாவாட் நிலையத்தைக் கட்டுப்பாட்டு அறையில் சில பொறியாளர்கள், சில டெக்னீஷியன்கள், ஷிப்டுக்குக் கொஞ்சம் காவலர்கள் என்று ஓட்டிவிடலாம். மீதி வேலை எல்லாம் கழுவுவதும் புல் வெட்டுவதும்தான். பாவகடாவில் அந்த வேலைக்கு உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள், ஆனால் ஒப்பந்ததாரர் வழியாக. ஒப்பந்ததாரர் மாறினால் ஆளும் மாறும். உள்ளூரில் ஐடிஐ படித்த பையன்கள் டெக்னீஷியன் வேலைக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன், அது நிலைத்த வேலை. கேட்பதென்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மானாவாரி:
இடையில் ஒரு சந்தேகம். இந்தத் தகடுகள் வந்தால் சூடு ஏறி மழை வராது என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

துமகூரு வாசி:
திருமணியிலும் இதைத்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு நிலையத்தை அளந்து 2016-ல் வெளியான ஆய்வு இருக்கிறது. இரவில் நிலையத்துக்குள் சுற்றியிருந்த வெட்டவெளியைவிட 3, 4 டிகிரி கூடுதல் சூடு என்று பார்த்தார்கள். அது தகடுகளின் நடுவே உள்ள நிலைமை, தள்ளிப் போகப் போகக் குறைந்துவிடும். வேலியை ஒட்டி வீடு இருந்தால் புழுக்கம் தெரியலாம். மழையை நிறுத்தும் அளவுக்கு ஒரு நிலையம் ஒன்றும் செய்துவிடாது. பாவகடாவில் தகடு வருவதற்கு முன் மழை கொட்டியதா என்ன?

மின்வாரியப் பெருசு:
மழை வருவதைவிட, வந்த மழை எங்கே போகும் என்பதுதான் நம் ஊர்ப் பிரச்சினை. கரிசலில் நிலத்தைச் சமன்படுத்தி, சுற்றி மண்மேடு போட்டு வேலி கட்டினால் கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால் அடைபடும். கீழ்ப் பாசனத்துக்காரர்கள் கம்பெனியிடம் போக மாட்டார்கள், நிலம் கொடுத்தவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். நிலத்துக்குள் ஓடை, வரத்துக்கால் இருந்தால் அதை எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தில் காட்டி, அந்தப் பகுதியை ஒப்பந்தத்திலிருந்து நீக்கி எழுத வேண்டும்.

பேரேடு:
அந்த ஒப்பந்தத்துக்கே வருகிறேன், ஏனென்றால் கிரயமா குத்தகையா என்ற கேள்விக்குப் பாதி விடை பத்திரத்தில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் யாரோடு ஒப்பந்தம்? பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியாக ஒரு சின்ன கம்பெனி பதிவு செய்வார்கள். பத்திரத்தில் அதன் பெயர்தான் இருக்கும், அதன் சொத்து உங்கள் நிலத்தின் மேல் நிற்கிற தகடு மட்டும். எனவே குறைந்தது ஒரு வருடக் குத்தகையை வைப்புத்தொகையாகவோ வங்கி உத்தரவாதமாகவோ கேளுங்கள். தாய்க் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பூட்டி வைக்கும் காலம் யாருக்கு என்று பாருங்கள். நான் பார்த்த வரைவுகளில் நிலத்துக்காரர் 29 வருடம் வெளியேற முடியாது, கம்பெனி 90 நாள் நோட்டீஸில் போகலாம் என்று இருந்தது. அதைவிட மோசமானது, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து குத்தகை கிடையாது, மின்சாரம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான் என்கிற வரி. மின்பாதை அனுமதி கிடைக்காமல் மூன்று வருடம் போனால் நீங்கள் கருவேலமும் வெட்ட முடியாது, குத்தகையும் வராது. கையெழுத்து நாளிலிருந்தே பணம் ஓட வேண்டும்.

நிலத்தின் மேல் கம்பெனி கடன் வாங்குமா? தன் குத்தகை உரிமையை வங்கியிடம் ஈடு வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம், அதை மறுத்தால் திட்டமே நடக்காது. ஆனால் உங்கள் மூலப்பத்திரத்தை எந்த வங்கியிலும் வைக்கக் கூடாது என்று தெளிவாக எழுத வேண்டும். மூலப்பத்திரம் அப்பாவின் பீரோவைவிட்டு வெளியே போகவே கூடாது.

29 வருடம் முடிந்ததும் யார் தகட்டைக் கழற்றுவது? கான்கிரீட்டோடு புதைத்த தூண்களை எடுத்து, பழைய மண்ணாக ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள், வைப்புத்தொகையோடு சேர்த்து. 2022 மின்கழிவு விதிகளில் சூரியத் தகடுகளும் வருகின்றன. எழுதாவிட்டால் உங்கள் பேரன் தலையில் அந்தக் குப்பை விழும்.

வரி: சோலார் குத்தகைப் பணம் விவசாய வருமானம் ஆகாது. வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். விவசாயி என்ற பெயரில் வருகிற கடன், மானியம் எல்லாம் அந்த நிலத்துக்கு நின்றுபோகும். விற்பதாக இருந்தால் கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி பெரும்பாலும் வராது. தரகர் குத்தகையைவிடக் கிரயத்தை வற்புறுத்தும்போது இதையும் ஒரு காரணமாகச் சொல்வார், அதில் உண்மை இருக்கிறது.

வெயிலோன்:
இவ்வளவும் எழுதிக் கொடுக்கிற கம்பெனி எங்கே இருக்கிறது? 9 ஏக்கர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள்.

பேரேடு:
9 ஏக்கர்க்காரர் தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். நடுவில் இருக்கிற 9 ஏக்கர் என்றால் சிரிக்க மாட்டார்கள். சுற்றி வாங்கிவிட்டு நடுவில் ஓட்டை இருந்தால் அவர்களுக்கு கேபிள் போடவே முடியாது. உங்கள் நிலம் அவர்கள் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளுக்கு நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்கு வாங்கும் வேலையும் இருக்கிறது. அதனால் சில கம்பெனிகள் இப்போது தாங்களாகவே குத்தகையை விரும்புகின்றன. தரகருக்குத்தான் கிரயத்தில் கமிஷன் கூடுதல்.

மின்வாரியப் பெருசு:
மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை. 2019-ல் மத்திய அரசு கொண்டு வந்த பிஎம் குசும் திட்டத்தின் முதல் பிரிவில் விவசாயியே தரிசு நிலத்தில் 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை நிலையம் போட்டு மின்வாரியத்துக்கு விற்கலாம். துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் முன்னுரிமை. சொந்தமாகப் போட முடியாதவர் வேறொருவருக்குக் குத்தகைக்கும் விடலாம். ஆனால் ஒரு மெகாவாட்டுக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும், வங்கி ஈடு கேட்கும், மின்வாரியப் பணம் எப்போது வரும் என்பது மின்வாரியத்துக்கே தெரியாது. நான் அங்கே இருந்தவன், சொல்ல உரிமை உண்டு. கூட்டுறவாகப் பத்துப் பேர் சேர்ந்தால் யோசிக்கலாம், சித்தப்பா கல்யாணக் கடனோடு இருக்கும்போது வேண்டாம்.

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. பேரேடு சொன்னதை அச்செடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். துமகூரு அண்ணன் சொன்ன தாத்தா பட்டா கதையைக் கேட்டதும் அம்மாதான் முதலில் பேசினார். எங்கள் 9 ஏக்கரில் இரண்டு அத்தைகளுக்கும் பங்கு உண்டு, அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே இல்லை. தரகர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

சித்தப்பாவிடம் பேசியதில் ஒரு வழி வந்தது. அவர் பங்கில் இரண்டரை ஏக்கரை மட்டும் அப்பா வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்கு ரொக்கம் கொடுத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒன்றாகக் குத்தகைக்குப் பேசலாம் என்று. அப்பாவுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி. முதல் இரண்டு வருடக் குத்தகையை முன்பணமாகக் கேட்கலாமா பேரேடு?

அன்னக்கிளி கேட்டதைப் பற்றி: கிழக்கே 14 ஏக்கர், தெற்கே 6 ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பேசினேன். வேலையை எழுத்தில் கேட்க அவர்களுக்குச் சம்மதம். கரிமூட்டக்காரர்களுக்குக் கருவேலத்தை வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு பருவம் அவகாசம் விட்டுத்தான் நிலத்தை ஒப்படைப்பது என்றும் சொல்லியிருக்கிறேன்.

பேரேடு:
முன்பணம் கேட்கலாம், கொடுப்பார்கள். ஆனால் அது வைப்புத்தொகைக்குப் பதிலாக ஆகிவிடாமல் பாருங்கள். இரண்டும் வேறு. அத்தைகளின் விடுதலையோ சம்மதமோ பதிவாகாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். தரகர் பவர் கேட்பார், பொது அதிகாரம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அன்னக்கிளி:
ஒரு பருவம் அவகாசம் நல்ல யோசனை அண்ணே. அதையும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிவிடுங்கள். மாசி, பங்குனிதான் வெட்டுக்குத் தோது, ஐப்பசியில் விட்டால் யாருக்கும் பயனில்லை.

கரிசல்காட்டான்:
எழுதிக்கொண்டேன். எஃப்எம்பிக்குத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாகிவிட்டது. வடமேற்கு மூலையில் வரத்துக்கால் ஒன்று போகிறது என்று அப்பா சொல்கிறார், அந்த 40 செண்டை விட்டுவிட்டுத்தான் பேசப் போகிறோம்.

தரகர் நேற்று பவர் பத்திரத்தோடு வந்தார். கிடையாது, கம்பெனி ஆளை நேரில் அழைத்து வாருங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியானால் தெற்கே இருக்கிற 6 ஏக்கரை முதலில் முடிக்கிறேன் என்று கிளம்பினார். அந்த 6 ஏக்கர் சித்தப்பாவின் மைத்துனருடையது. அவரும் இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறார்.